அரசியல் மெய்யியலில் அரசியல் நிறுவனங்களின் இடம்: ஒரு மதிப்பீடு

ஓர் அரசு யாது செய்தல் வேண்டும் என்பது ஒரு வினா. அதனை எவர் கூடி, எம்முறையால் முடிவுசெய்தல் வேண்டும் என்பது மற்றொரு வினா. நீதி, சுதந்திரம், சமத்துவம் ஆகிய கருத்துக்களின் பொருளை ஆராய்தல் முதலாவதன்பாற்படும். சட்ட சபைகள், தேர்தல்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்தல் இரண்டாவதன்பாற்படும். முதல் வினா மெய்யியலாளர்க்கு உரியது என்பதை எவரும் மறுப்பதில்லை. இரண்டாம் வினாவோ சட்ட அறிஞர்க்கும் அரசறிவியலாளர்க்கும் விட்டுவிடத்தக்கது எனக் கருதும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலமொழி வழங்கும் பல்கலைக்கழகங்களில் வலுப்பெற்றது. அப்போக்கினை மறுத்தெழுந்த நூல்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது ஜெரமி வால்ட்ரன் 2016 இல் வெளியிட்ட 'அரசியல்சார் அரசியற் கோட்பாடு' என்னும் கட்டுரைத் தொகுதியாகும்.

அந்நூலின் கொள்கையை எடுத்துரைத்து அதன் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம். அக்கொள்கை பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயின் எல்லா நிறுவனங்களுக்கும் முற்பட்டதாகிய ஒன்றை அது போதிய அளவு ஆராயாது விடுகின்றது. குடிமக்கள் எவர் எனக் குறிக்கும் பதிவேடே அந்நிறுவனம். இக்குறை இலங்கையின் வரலாற்றை உரைகல்லாகக் கொள்ளும்பொழுது தெளிவாகப் புலப்படும்.

பண்டைய ஆசிரியர்கள் மேற்கூறிய இரு வினாக்களையும் பிரித்து நோக்கினவரல்லர். பிளேட்டோ 'குடியரசு' என்னும் நூலில் மெய்யுணர்ந்தோர் ஆளின் நாடு நலம்பெறும் என்றார். அங்கு ஆள்வோரின் கல்வியும் ஒழுக்கமுமே விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயின் முதுமையில் இயற்றிய 'சட்டங்கள்' என்னும் நூலில் அவரே 5,040 குடும்பங்கள் கொண்ட நகரமொன்றைக் கற்பித்து, அதன் சட்டக் காவலர் 37 பேரும், 360 பேர் கொண்ட மன்றமும் எம்முறையால் தெரிந்தெடுக்கப்படுதல் வேண்டும் என்பதை நுணுகி வகுத்தார். குணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்னும் எண்ணம் அவருக்கும் ஏற்பட்டதென்றே கொள்ளவேண்டியுள்ளது.

அரிஸ்டோட்டில் இன்னும் ஒருபடி சென்றார். அவர்தம் பள்ளி 158 அரசமைப்புக்களைத் தொகுத்ததாகக் கூறுவர். அவற்றுள் ஆதென்சு நகரைப் பற்றியது எகிப்திற் கிடைத்த சுவடிகளிலிருந்து 1891 இல் பதிப்பிக்கப்பட்டது. 'அரசியல்' என்னும் அவரது நூலின் மூன்றாம் பகுதி அரசமைப்பு வகைகளைக் கூறத் தொடங்குமுன் குடிமகன் எவன் என்று வினாவுகின்றது. நீதி வழங்குதலிலும் ஆட்சிப் பதவியிலும் பங்குபெறுவோனே குடிமகன் என்பது அவர் விடை. அவ்விடையை எழுதியவர் ஆதென்சின் குடிமகனல்லர். அங்கே தங்கி வாழ்ந்த அயலூரினர். தாய் தந்தை இருவரும் ஆதென்சினராய் இருப்பவரே குடிமக்களாவர் என்னும் விதி கி. மு. 451 இல் பெரிக்கிளீசு காலத்தில் ஏற்பட்டது என்பதை அவர்தம் பள்ளியின் நூலே பதிவுசெய்துள்ளது. பதினெட்டு வயதெய்தியோரை ஊர்ப்பிரிவினர் வாக்களித்து ஏட்டிற் சேர்த்த முறையையும் அந்நூல் விவரிக்கின்றது. இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவனங்கள்பற்றிய ஆராய்ச்சி உச்சநிலை எய்தியது. ஆட்சி எவ்வடிவினதாயினும் நன்கு நடத்தப்படின் அதுவே சிறந்தது என்னும் கருத்தைக் கவிஞர் போப் பரப்பியிருந்தார். டேவிட் ஹியூம் 1741 இல் வெளியிட்ட கட்டுரைகளில் இதனை மறுத்தார். ஆட்சியின் நன்மையும் தீமையும் ஆள்வோர் குணத்தையே பொறுத்தன எனின் அரசியலைப் பற்றி ஆராய்வதற்கு யாதும் இல்லையாகும். மாறாக, அரசமைப்பை வகுப்போர் ஒவ்வொருவரும் தன்னலமே நாடுவர் எனக் கொண்டு, அத்தன்னலமும் பொதுநலத்துக்கு உதவுமாறு வகுத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. மொன்தெஸ்கியு 1748 இல் அதிகாரப் பிரிவினையைப் பற்றியும், மடிசன் 1787-88 ஆம் ஆண்டுகளில் பிரதிநிதித்துவத்தையும் இரு சபைகளையும் பற்றியும், ஜோன் ஸ்டுவர்ட் மில் 1861 இல் பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றியும் எழுதியவை இம்மரபின் வளர்ச்சியே.

இவ்வேறுபாடு நம்மவர் மரபிலும் காணப்படுவதொன்றாம். திருக்குறளின் பொருட்பாலில் அரசியல் என்னும் இயல் 25 அதிகாரங்களையுடையது. அரசனுக்கு வேண்டிய கல்வி, கேள்வி, செங்கோன்மை, கண்ணோட்டம் முதலாய பண்புகள் அங்கே பேசப்படுகின்றன. அதனைத் தொடரும் அங்கவியல் அமைச்சு, அரண், படை முதலிய உறுப்புக்களை எடுத்துக்கொள்கின்றது. எனினும் அரசனை எவர் தெரிவர், அவன் தவறின் எம்முறையால் எவர் கேட்பர் என்னும் வினாக்கள் அங்கு எழவில்லை. ஆள்வோனின் குணமே அங்கு நாட்டின் காப்பு. அவ்வினாக்களுக்கு இணையானவற்றைத் தமிழகத்தில் இலக்கியத்தை விடுத்துக் கல்வெட்டிலே காண்கின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபையார் பொறித்த விதிகள் குடவோலை முறையை விளக்குவன. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுச் சிறுவனொருவனைக்கொண்டு எடுப்பித்தனர். முன்னைய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர், கணக்குக் காட்டாதவர், அவர்தம் உறவினர் ஆகியோர் விலக்கப்பட்டனர். ஹியூம் கூறிய எச்சரிக்கை இவ்விதிகளில் முன்பே செயலுருப் பெற்றிருந்தது எனலாம்.

ஆயினும் இக்கல்வெட்டைக் கண்டு மக்களாட்சி நம்மவர் கண்டுபிடிப்பே எனப் பெருமிதங்கொள்வது ஆராய்ச்சியாகாது. உத்தரமேரூர்ச் சபை பிராமணர் சபை. இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையிற் கட்டிய வீடும் உடையவராய், வேதக் கல்வி பெற்றவராய், 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவராய் இருந்தோர் பெயரே குடத்துட் சென்றது. நிலத்தை உழுதோர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் முறை எத்துணை நேர்மையானதாயினும், குடத்துள் எவர் பெயர் செல்லும் என்பதை அம்முறை தீர்ப்பதில்லை. அது முன்னரே தீர்க்கப்பட்டுவிடுகின்றது.

இனி, இத்தகைய ஆராய்ச்சி இருபதாம் நூற்றாண்டில் மெய்யியலிலிருந்து விலகியவாற்றை நோக்குவாம். ஐசாயா பேர்லின் 1958 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சிச்சலிப் பேராசிரியராகப் பதவியேற்று நிகழ்த்திய விரிவுரை சுதந்திரத்தின் இரு கருத்துக்களைப் பற்றியது. இலட்சியங்கள்பற்றி உடன்பாடு ஏற்பட்டவிடத்து, எஞ்சுவன வழிவகைபற்றிய வினாக்களே. அவை துறைவல்லுநர் தீர்க்கத்தக்கவை என்னும் கருத்தோடு அவ்விரிவுரை தொடங்குகின்றது. ஜோன் ரோல்ஸ் 1971 இல் வெளியிட்ட 'நீதிக்கோட்பாடு' சமூகத்தின் அடிப்படை அமைப்பையே நீதியின் பொருளாகக் கொண்டது. அரசமைப்பு ஆக்கப்படும் கட்டமும் சட்டம் இயற்றப்படும் கட்டமும் அந்நூலில் உள. ஆகவே ரோல்ஸ் நிறுவனங்களை மறந்தார் என்றல் பொருந்தாது. ஆயின் அவர் நூலில் நிறுவனங்கள் முன்னரே அறியப்பட்ட நீதியை வழங்கும் வாய்க்கால்களாகவே பெரிதும் தோன்றுகின்றன. நீதி யாதென்பதிலேயே மாறுபடும் மக்கள் கூடி முடிவெடுக்கும் களங்களாக அவை விரிவாக ஆராயப்படவில்லை. ஜி. ஏ. கொகன் 2008 இல் வெளியிட்ட நூலிலோ இவ்விலகல் முற்றுப்பெறுகின்றது. நீதியின் அடிப்படைக் கொள்கைகள் உலகியற் செய்திகளைச் சாராதன. எவ்விதிகளை நடைமுறைக்குக் கொள்வது என்பது நீதியின் வேறாய பிறிதொரு வினா என்பது அவர் கொள்கை.

பேர்லினும் கொகனும் வகித்த அதே பேராசிரியர் பதவியை ஏற்ற வால்ட்ரன் தமது 2012 ஆம் ஆண்டுப் பதவியேற்பு விரிவுரையில் இப்போக்கைக் கண்டித்தார். அவ்விரிவுரையே மேற்குறித்த தொகுதிக்குப் பெயரும் அடிப்படையும் தந்தது. அவர்தம் வாதத்தை மூன்று கூறுகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, கருத்து வேறுபாடு மக்கள் வாழ்வின் நிலையான இயல்பு. நேர்மையும் அறிவும் உடையோரே நீதிபற்றி மாறுபடுவர். அங்ஙனமாகவே, மாறுபடுவோர் தம்முள் ஒருவரையொருவர் அடக்காது ஒரு முடிவுக்கு வருவது எவ்வாறு என்பதும் ஒழுக்கவியல் சார்ந்த வினாவே. அதனைத் துறைவல்லுநரிடம் ஒப்படைத்தல் இயலாது.

இரண்டாவது, நிறுவனங்கள் பயன்தரும் கருவிகள் மாத்திரமல்ல. அவை மக்களை மதிக்கும் முறையும் ஆகும். கைதட்டலாலே சட்டம் இயற்றும் கூட்டமும், முன்னறிவித்தல் தந்து, மசோதாவை மும்முறை வாசித்து, எதிர்ப்போரின் உரையைக் கேட்டு, வாக்குக்களை எண்ணிச் சட்டம் இயற்றும் மன்றமும் ஒரே முடிவை எய்தினும் அவை ஒரே செயலைச் செய்தனவாகா. பிந்தியது தோற்றவரையும் மதித்தது.

மூன்றாவது, அதிகாரப் பிரிவினையின் பொருள். ஓரிடத்தில் அதிகாரம் குவிதலைத் தடுத்தலே அதன் நோக்கமெனப் பலரும் கூறுவர். வால்ட்ரனோ ஒரு முடிவு ஒருவன்மேற் செயற்படுமுன் பல கட்டங்களைக் கடத்தல் வேண்டும் என்பதை வற்புறுத்துகின்றார். எவரையும் பெயர் சுட்டாது பொதுவிதியாக்கல், குறித்த ஒருவனுக்கு அது பொருந்துமா என விசாரித்தல், பின்னர் நிறைவேற்றல் என்னும் இக்கட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஒழுங்கு உண்டு. அவற்றை ஒன்றாகக் குழைத்தலே கொடுங்கோன்மையின் தொடக்கம்.

இம்மூன்றாம் கூறு வெறும் ஏட்டுக் கருத்தன்று என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. 1962 ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியிற் குற்றஞ் சாட்டப்பட்டோரைத் தண்டித்தற்கெனப் பாராளுமன்றம் அவ்வாண்டிலேயே பின்னோக்கிச் செல்லும் விசேட சட்டங்களை இயற்றியது. லியனகே வழக்கில், 1965 இல், பிரித்தானியக் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லா எனத் தீர்த்துத் தண்டனைகளை நீக்கியது. நீதிபரிபாலன அதிகாரம் நீதித்துறைக்கே உரியதென்று சோல்பரி அரசியற்றிட்டத்தின் எவ்வாசகமும் வெளிப்படையாகக் கூறவில்லை. அத்திட்டத்தின் அமைப்பிலேயே அது பொதிந்துள்ளது என்பது கோமறைக் கழகத்தின் முடிவு. பொதுவிதி என்னும் போர்வையிற் குறித்த சிலர்மேல் வழங்கப்பட்ட தீர்ப்பு அச்சட்டம் என்பதே அதன் குற்றம்.

இனி, வால்ட்ரனின் கொள்கையில் மிகுந்த வாதத்துக்கு உள்ளான பகுதிக்கு வருவாம். நிறுவனங்களை மதித்தல் வேண்டும் என்பார் பலரும் நீதிமன்றங்களையே கருதுவர். வால்ட்ரனோ சட்ட சபையின் மாண்பை எடுத்துரைப்பவர். சட்டமொன்று உரிமைகளுக்கு முரணானது எனக் கூறி நீதிபதிகள் அதனை நீக்கும் அதிகாரத்தை அவர் 2006 இல் எழுதிய கட்டுரையில் எதிர்த்தார். உரிமைகளைப் பற்றியே மக்கள் மாறுபடுகின்றனர். அம்மாறுபாட்டை மக்களின் பிரதிநிதிகள் வாக்களித்துத் தீர்ப்பதை விடுத்து நீதிபதிகள் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் தீர்ப்பதில் என்ன உயர்வுண்டு? நீதிபதிகளும் பெரும்பான்மை வாக்காலேயே முடிவெடுக்கின்றனர் என அவர் சுட்டிக்காட்டுவது கூரிய கருத்தாகும். எனினும் தமது வாதம் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டதென அவர் தாமே கூறுகின்றார். வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமையுள்ள சட்ட சபையும், ஒழுங்காக இயங்கும் நீதிமன்றங்களும், தனியார் உரிமையிலும் சிறுபான்மையினர் உரிமையிலும் பெரும்பாலோர்க்குப் பற்றும், நேர்மையான கருத்து வேறுபாடும் இருத்தல் வேண்டும். முடிவெடுக்கும் பெரும்பான்மையினரே அம்முடிவால் நயம்பெறும் பெரும்பான்மையினருமாய் இருப்பின் ஆங்கே கொடுங்கோன்மைபற்றிய அச்சம் மெய்யானது என்பதையும் அவர் ஒப்புகின்றார்.

இவ்விடத்திலேயே இலங்கை வரலாறு தனக்குரிய வினாவை எழுப்புகின்றது. 1931 இல் இலங்கைக்குச் சருவசன வாக்குரிமை கிடைத்தது. ஆயின் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினர்க்கு அது நிபந்தனைகளோடேயே வழங்கப்பட்டது. 1946 ஆம் ஆண்டுச் சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 (2) ஆம் பிரிவு, ஓர் இனத்தவர் அல்லது மதத்தவர்மேல் மற்றையோர்க்கில்லாத தடைகளை விதிக்கும் சட்டத்தையும், அவர்க்கு மற்றையோர்க்கில்லாத சலுகை அளிக்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது. அங்ஙனம் இயற்றப்படும் சட்டம் செல்லாது என்பது அடுத்த உட்பிரிவு. சிறுபான்மையினர் இதனையே தம் அரணாகக் கருதினர். சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளன்றிப் பிறர் வாக்காளராகலாகாது என்றது. இவ்விரண்டும் சேர்ந்து தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. இச்சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என்னும் வாதம் கோடக்கன் பிள்ளை வழக்கில் கோமறைக் கழகம்வரை சென்றது. 1953 இல் கழகம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவை பிரசாவுரிமைபற்றிய சட்டங்களே. எவ்வினத்தையும் குறிவைத்தவையல்ல என்பது தீர்ப்பு.

இதிலிருந்து பெறப்படுவன யாவை? நீதிமன்றமே சிறுபான்மையினர்க்குப் போதிய அரண் என நம்புவோர்க்கு இவ்வழக்கு ஓர் எச்சரிக்கை. அரசியற்றிட்டத்தில் விதி இருந்தது, விதியைக் கேட்கும் மன்றமும் இருந்தது, பயன் விளையவில்லை. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும் இவ்வாறே ஆயிற்று. அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் தொடுத்த கோடீஸ்வரன் வழக்கில் 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. 1967 இல் உயர் நீதிமன்றம் அரசாங்க ஊழியர் சம்பளத்துக்கு வழக்கிடலாகாது எனக் கூறி அதனைத் தள்ளியது. 1969 இல் கோமறைக் கழகம் வழக்கிடலாம் எனத் தீர்த்து, சட்டத்தின் செல்லுபடிபற்றிய வினாவை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பியது. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடும், அவ்வாண்டிலேயே மூதவையும் ஒழிந்தன. 1972 மே 22 ஆந் தேதி வந்த குடியரசு யாப்போடு 29 ஆம் பிரிவும் மறைந்தது. வினா விடையின்றியே போயிற்று. இவ்வளவில் வால்ட்ரன் நீதிமன்றங்கள்மேற் கொண்ட ஐயம் வலுப்பெறுகின்றது.

ஆயின் அவர் சட்ட சபையின்மேல் வைக்கும் நம்பிக்கையும் இங்கே அதே அளவு சோதனைக்குள்ளாகின்றது. சமமான வாக்குக்களை எண்ணி முடிவெடுத்தலே மாறுபடுவோரைச் சமமாக மதிக்கும் முறை என்பது அவர் வாதத்தின் உயிர். ஆனால் எண்ணப்படும் வாக்குக்கள் எவருடையவை? 1948 இல் எழுந்த கருத்து வேறுபாடு, ஓரிடாப்பிற் சேர்ந்துள்ளோர் ஒரு கொள்கைபற்றிக் கொண்ட வேறுபாடன்று. அவ்விடாப்பில் எவர் இருத்தல் வேண்டும் என்பதே அங்கு வேறுபாட்டின் பொருள். தன்னைத் தெரிவுசெய்த இடாப்பைத் தானே திருத்தவல்ல சபை, அடுத்த சபை எவர்க்குப் பதிலளிக்கும் என்பதையும் முன்கூட்டியே தீர்த்துவிடுகின்றது. அம்முடிவால் நீக்கப்பட்டோர் அடுத்த வாக்கெடுப்பில் தோற்றவரல்லர்; எண்ணப்படாதவர். தோற்றவரை மதித்தற்கு வால்ட்ரன் கூறும் நெறிகள் பல உள. எண்ணப்படாதவரை மதித்தற்கு அவை உதவா.

வால்ட்ரனின் நிபந்தனைகள் இதனை உள்ளடக்கும் எனச் சிலர் விடைகூறலாம். வயதுவந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை என்பது முதல் நிபந்தனையின் ஒரு கூறன்றோ? ஆம், அது நிபந்தனையாக வைக்கப்படுகின்றது, ஆராயப்படவில்லை. 'யாவர்க்கும்' என்னும் அச்சொல்லின் எல்லையைக் குறிப்பவர் எவர் என்பதே நமது வினா. ஜோசப் ஷும்பீட்டர் 1942 இல், ஒவ்வொரு மக்கட்கூட்டமும் தன் எல்லையைத் தானே வரையறுக்க விடுதல் வேண்டும் என்றார். ரொபட் டால் 1989 இல் இதனை மறுத்து, அங்ஙனமாயின் மிகச் சிலரே வாக்களிக்கும் ஆட்சியையும் மக்களாட்சியெனல் வேண்டும் என்று காட்டினார். டால் எழுப்பிய இவ்வினா நிறுவனங்கள்பற்றிய மெய்யியலின் நடுவே வைக்கப்படவேண்டியதாகும். மில்லும் 1861 இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென வாதாடிய அதே நூலில், எழுதப் படிக்கத் தெரியாதோரையும் பொதுநிதியில் உதவிபெறும் வறியோரையும் நீக்கினார். சமத்துவம்பற்றிப் பேசும் நூல்களிலும் இடாப்பின் எல்லை இங்ஙனம் ஒரு மூலையில் வரையப்பட்டுவிடுகின்றது.

நடுநிலை நோக்கில் மற்றொரு செய்தியையும் கூறல் வேண்டும். 1948 இல் ஏற்பட்ட தீங்கு இறுதியில் நீக்கப்பட்டதும் சட்ட சபையாலேயே. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். அவர்களுள் எவரும் அப்பங்கீடுபற்றி வாக்களித்தவரல்லர். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. பாராளுமன்ற அரசியலில் மீண்டும் இடம்பெற்ற மலையகத் தமிழரின் தொழிற்சங்கத் தலைமை அங்கு பேரம்பேசிப் பெற்றதே இது. எந்த நீதிமன்றமும் தீர்க்காததைச் சட்ட சபை தீர்த்தது என வால்ட்ரன் கூறின் அது மெய்யே. ஆயின் அதற்கு 55 ஆண்டுகள் சென்றன. அதற்குள் இலட்சக்கணக்கானோர் தாம் பிறந்த மலைகளை விட்டுக் கப்பலேறிவிட்டனர்.

ஆகவே நாம் எய்தும் முடிபு இது. நிறுவனங்களை மெய்யியலுக்குப் புறம்பான வழிவகைகளாகக் கொள்ளுதல் பிழை என்னும் வால்ட்ரனின் அடிப்படைக் கொள்கை உறுதியானது. நீதியின் இலக்கணத்தை எத்துணை நுட்பமாக வகுத்தாலும், அதனை எவர் கூடி எம்முறையால் நடைமுறைப்படுத்துவர் எனக் கூறாத மெய்யியல் பாதிவழியில் நின்றதாகும். ஆனால் நிறுவனங்களின் ஆராய்ச்சி சட்ட சபைக்கும் நீதிமன்றத்துக்கும் இடைப்பட்ட போட்டியோடு முடிந்துவிடலாகாது. இவ்விரண்டுக்கும் முன்னே குடத்துள் இடப்படும் ஓலைகளும், ஊர்ப்பிரிவின் ஏடும், வாக்காளர் இடாப்பும் நிற்கின்றன. அரிஸ்டோட்டில் குடிமகன் எவன் என்னும் வினாவை முதலில் வைத்தது தற்செயலன்று. இடாப்பைத் திருத்தும் அதிகாரம் எவர்க்குரியது, அதனால் நீக்கப்படுவோன் தன் குரலை எங்கே எழுப்புவான் என்பவற்றுக்கு விடைகாணும் வரையில், வாக்குக்களை எண்ணும் முறை எத்துணை நேர்மையானதாயினும் அதனை நீதியென்று கூறிவிட முடியாது.